துப்பாக்கிக் கட்டையும் அதனைத் தொட்ட கைகளும்

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்த் தொடருக்கு நாற்சந்தி என்பது பொருள். பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியாகிய செபராங் பிறையின் தென்பாகத்தில், புக்கிட் மெர்தாஜமிலிருந்து நிபோங் திபாலுக்குச் செல்லும் பழைய சாலையின்மீது அமைந்த சிற்றூர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கரும்பு விளைவிக்கவும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இரப்பர் மரம் சீவவும் தமிழ் மக்கள் கொண்டுவரப்பட்ட நிலப்பகுதி இது. 1941ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் நடுவில், ஜித்ராவில் தோல்வியுற்ற பதினோராம் இந்தியப் படைப்பிரிவு, கெடாவைக் கைவிட்டுச் செபராங் பிறையினூடே தெற்கு நோக்கிக் கிரியான் ஆற்றின் பக்கமாகப் பின்வாங்கியது. பஞ்சாபியரும் ஜாட்டுகளும் கூர்க்காக்களுமாகிய அவ்வீரர்கள் தாங்கிச் சென்றது லீ-என்ஃபீல்டு என்னும் ரைபிள் துப்பாக்கி. ஏறத்தாழ நான்கு கிலோ எடை; 113 சென்டிமீட்டர் நீளம். சாலையோரத்துத் தோட்டத் தமிழர் அதனைக் கண்ணாற் கண்டிருப்பர். கையால் தொட்டிருக்க வழியில்லை. ஆயின் இரண்டே ஆண்டுகளில், மலாயாவின் தோட்டப்புறத்துத் தமிழிளைஞரும் தமிழ்ப் பெண்களும் அதே துப்பாக்கியைத் தோளில் ஏற்றி அணிவகுத்து நின்றனர்.

படைவரலாறு எழுதுவோர் துப்பாக்கியைப் பற்றிப் பேசும்போது அதன் இரும்பைப் பற்றியே பேசுகின்றனர். குழலின் விட்டம், குண்டின் வேகம், நிமிடத்திற்கு எத்தனை வெடி என்று கணக்குகள் நீளும். வீரனின் கன்னமும் தோளும் உள்ளங்கையும் பட்டுக்கொண்டிருந்த பகுதியோ இரும்பன்று, மரம். துப்பாக்கியின் வரலாற்றை மனிதர் பக்கமாக நின்று படிக்க விரும்புவோர்க்கு அதன் மரக்கட்டையே சுவடியாகும். அச்சுவடியைப் புதுப்பிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டே அழித்தவர்களும் உலகில் உளர். கட்டையின் மரம், அதற்கு இடும் எண்ணெய், அதனைத் தொட்ட கைகள், அதனைப் புதுப்பிக்கும் முறை ஆகியவற்றை ஒருசேர நோக்கினால், ஏடுகளில் இடம்பெறாத சில செய்திகள் தெளிவாகும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். துப்பாக்கி என்பது துருக்கி, பாரசீக மொழிகளின் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். மலாய் மொழியின் செனாப்பாங் என்பது டச்சுச் சொல்லின் திரிபு. மலாயில் பழைய வெடிக்கருவிகளைக் குறிக்கும் பெடில் என்னும் சொல் தமிழின் வெடி என்பதனோடு உறவுடையது என்பாரும் உளர். கருவி கைமாறுந்தோறும் சொல்லும் கைமாறியிருக்கிறது. அதன் உறுப்புகளுக்கோ தமிழில் நிலைபெற்ற சொற்கள் குறைவு. தோளில் அழுந்தும் பகுதியைப் பின்கட்டை என்றும், குழலைத் தாங்கி முன்னே நீளும் பகுதியை முன்கட்டை என்றும், இரண்டுக்கும் இடையே விரல்கள் சுற்றிப் பிடிக்கும் ஒடுங்கிய இடத்தைக் கழுத்து என்றும் இங்குக் குறிப்பது போதும்.

கட்டைக்கு எல்லா மரமும் ஆகாது. வெடியின் அதிர்ச்சியால் பிளவாத உறுதி வேண்டும். நாள் முழுதும் சுமக்கத்தக்க இலேசும் வேண்டும். மழையில் நனைந்தாலும் வெயிலில் காய்ந்தாலும் முறுக்கிக்கொள்ளாத அமைதியும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே பொருந்தியது வால்நட் எனப்படும் அக்ரூட் மரம். ஐரோப்பாவின் படைகள் பலவும் அதனையே நாடின. இரண்டு உலகப் போர்களும் அம்மரத்தை உண்டு தீர்த்தன என்றால் மிகையாகாது. முற்றிய அக்ரூட் மரம் கிடைப்பது அரிதானபோது, பிரிட்டன் பீச், பர்ச் ஆகிய மரங்களுக்கு இறங்கியது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை, தன் நாட்டில் விளையும் குயின்ஸ்லாந்து மேப்பிளையும் கோச்வுட்டையும் பயன்படுத்தியது. கோச்வுட் சற்று மென்மையானது. ஆகவே அதிர்ச்சி வந்து மோதும் இடத்தில் சிறு செப்புத் தகடுகளைப் பதித்து அதன் குறையை ஈடுசெய்தனர். வங்காளத்தில் கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்த இஷாப்பூர்த் தொழிற்சாலை இந்திய அக்ரூட்டைக் கொண்டு கட்டைகளைச் செய்தது.

இஷாப்பூர்க் கட்டைகளுக்கு ஒரு தனி அடையாளம் உண்டு. முன்கட்டை பிளந்துவிடாமல் இருக்க, அதன் பின்பகுதியில் குறுக்காக ஒரு திருகாணி செலுத்தப்பட்டது. பழந்துப்பாக்கி சேகரிப்போர் இன்றும் அதனை இஷாப்பூர்த் திருகாணி என்றே அழைக்கின்றனர். அத்துப்பாக்கி இந்தியப் பணியில் இருந்தது என்பதற்கு அதுவே முத்திரையாகக் கொள்ளப்படுகிறது. வெடித்த கட்டையை எறிந்துவிடாமல், பழுதான பகுதியை மட்டும் செதுக்கியெடுத்து, வரி பார்த்து வேறொரு துண்டைப் பொருத்தி, பித்தளை ஊசிகளால் இறுக்கிய ஒட்டுவேலையும் இந்தியப் படைத் தச்சர்களின் கைவண்ணமாகும். அத்தகைய ஒட்டுகள் பல இன்றும் அசையாமல் நிற்கின்றன. எந்த நூலிலும் அவர்தம் பெயர் இல்லை. உலோகத்தில் பேரரசரின் முடியும் ஜி.ஆர்.ஐ. என்னும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டன; விடுதலைக்குப் பின்னர் அவ்விடத்தில் அசோகச் சின்னம் ஏறியது. மரத்தைச் செப்பனிட்ட கைக்கு இரண்டு காலத்திலும் முத்திரை இல்லை.

மரத்திற்கு அடுத்தது எண்ணெய். படைத்துப்பாக்கியின் கட்டைக்குப் பளபளக்கும் மெருகு பூசுவதில்லை. பளபளப்பு வெயிலில் மின்னி ஆளைக் காட்டிக் கொடுக்கும். கீறல் விழுந்தால் உரிந்துபோகும். இந்தியா உலகுக்கு அளித்த அரக்கு மெருகு வீட்டு மேசைக்கும் இசைக்கருவிக்கும் அழகு செய்யும். ஈரத்தில் வெளுத்துவிடும் இயல்புடையதாகையால் போர்க்களத்திற்கு அது பொருந்தவில்லை. பிரிட்டிஷ் படை தேர்ந்தெடுத்தது ஆளி விதை எண்ணெய். தொழிற்சாலையில் கட்டைகளை அவ்வெண்ணெயில் ஊறவைத்தனர். பின்னர்ப் பாசறையில் வீரன் தன் உள்ளங்கையால் அதனைத் தேய்த்துத் தேய்த்துப் பேணினான்.

ஏன் ஆளி விதை எண்ணெய்? தேங்காய் எண்ணெய் எத்தனை நாளானாலும் காயாது. நல்லெண்ணெய் அரைகுறையாகக் காய்ந்து பிசுபிசுக்கும். ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் இருப்பது லினோலெனிக் அமிலம். அது காற்றிலுள்ள உயிர்வளியோடு வினைபுரிந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து, திரவ நிலை நீங்கித் திண்மமாகிவிடும். எண்ணெய் உலர்கிறது என்று வழக்கில் சொல்வது உண்மையில் நீர் ஆவியாவதைப் போன்றதன்று. அது ஒரு வேதியியல் மாற்றம். மரத்தின் நுண்துளைகளுக்குள் புகுந்து அங்கேயே இறுகிவிடுவதால், மேலே கீறல் விழுந்தாலும் உள்ளே காப்பு நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு ஆளி விதையை ஏற்றுமதி செய்த முதன்மை நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. கல்கத்தா, பம்பாய்த் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிய விதை, ஐரோப்பிய ஆலைகளில் எண்ணெயாயிற்று. இந்திய உழவனின் விளைச்சல் பேரரசின் ஆலையிலும் ஆயுதத்திலும் எவ்வெவ்வாறு ஊறிக் கிடந்தது என்பதற்குப் பருத்தியும் அவுரியும் மட்டுமே சான்றுகள் அல்ல.

மலாயாவைப் போன்ற வெப்பமண்டல நாட்டில் இந்த எண்ணெயின் தேவை இன்னும் மிகுதி. ஈரத்தை உறிஞ்சிய மரம் பருக்கும். பருத்த முன்கட்டை குழலின்மீது அழுந்தும். அழுந்திய குழல் குறியை மாற்றிவிடும். வெளியே மட்டும் எண்ணெய் தடவி, குழல் படிந்திருக்கும் உட்பள்ளத்தை வறட்டு மரமாக விட்ட கட்டையால் பயனில்லை. ஆயினும் பச்சை ஆளி எண்ணெய்க்கும் ஒரு குறையுண்டு. மழைக்காலத்தில் அதன்மேல் பூஞ்சணம் படரும். ஒரே எண்ணெய், குளிர்நாட்டில் நண்பனாகவும் இந்நாட்டில் அடிக்கடி கண்காணிக்க வேண்டிய விருந்தினனாகவும் விளங்குகிறது.

இனி, இக்கட்டையைத் தொட்ட கைகளைப் பற்றி. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கும்பினியாரின் படைக்கு அடித்தளமாக விளங்கியவர்களுள் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள் முதன்மையானவர்கள். தமிழரும் தெலுங்கரும் அப்படைகளில் மிகுதியாக இருந்தனர். 1857க்குப் பின் நிலைமை மாறியது. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைமை தாங்கிய இராபர்ட்ஸ் பிரபு, தென்னாட்டவர் போருக்கு உரியரல்லர் என்னும் கருத்தைப் பரப்பினார். வீரக்குடிகள் இவை, வீரமற்ற குடிகள் இவை என்று மக்களைப் பிறப்பால் பிரித்த அக்கொள்கை, அறிவியல் போர்வை போர்த்த அரசியலேயன்றி வேறன்று. அதன் விளைவாகச் சென்னைக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைக்கப்பட்டு, 1920களின் இறுதிக்குள் கலைக்கப்பட்டன. மதராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியியற் படை மட்டும் தப்பிப் பிழைத்தது. மதராஸ் காலாட்படை மீண்டும் எழுப்பப்பட்டது 1941இல்தான். 1941 டிசம்பரில் செபராங் பிறைச் சாலையில் பின்வாங்கிய இந்தியக் காலாட்படைகளில் தமிழ்ப் படை இல்லாமற் போனதன் காரணம் இதுவே.

1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் மற்றொரு கதவை அடைத்தது. உரிமமின்றி இந்தியர் ஆயுதம் வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியர்க்கு விலக்கு அளிக்கப்பட்டது. குடகு நாட்டுக் கொடவர்களும் அவ்விலக்கைப் பெற்றனர். ஆக, தமிழனின் கையில் துப்பாக்கி இருக்குமாயின் அது அரசின் துப்பாக்கி. அவன் எண்ணெய் தேய்த்துப் பேணிய கட்டை அவனுடையது அன்று. மேலைநாடுகளில் தந்தையின் துப்பாக்கி மகனுக்கு வருவதும், மகன் அதனை வீட்டின் பின்கட்டில் வைத்துப் புதுப்பிப்பதும் குடும்ப வழக்கமாக வளர்ந்தன. தமிழர் வீடுகளில் அத்தகைய வழக்கம் பெரிதும் வளரவில்லை. பரம்பரையாக வருவன உரலும் உலக்கையும், பத்தாயமும் ஊஞ்சற்பலகையும்.

1943இல் நிகழ்ந்தது அந்த வரலாற்றின் திருப்பம். சூலைத் திங்களில் சிங்கப்பூருக்கு வந்த நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21ஆம் நாள் தற்காலிக இந்திய அரசு அறிவிக்கப்பட்டது. அதே திங்களில், சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் மருத்துவராகப் பணியாற்றிய இலட்சுமி சுவாமிநாதனின் தலைமையில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. மலாயாவிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த பொதுமக்களுள் பெரும்பான்மையினர் தமிழர். அவருள்ளும் தோட்டத் தொழிலாளர் மிகப் பலர். வெள்ளைத் துரையின் முன் குடையை மடக்கி, மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கப் பழக்கப்பட்டிருந்த மக்கள் அவர்கள். வீரக்குடி அன்று என்று ஓர் அரசு தள்ளிவைத்த குடியினர், அவ்வரசிடமிருந்து கைப்பற்றப்பட்ட துப்பாக்கியையே ஏந்தி அதற்கு எதிராக நின்றனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பிரிட்டிஷ் படைகளிடமிருந்து பறிமுதலான லீ-என்ஃபீல்டுகளைக் கொண்டே ஜான்சி ராணிப் படையினர் பயிற்சி பெற்றனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி தேவர், ஈப்போவைச் சேர்ந்த இராசம்மா ஆகியோர் அப்போது இருபது வயதை எட்டாதவர்கள். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன், இராசம்மா பூபாலன் என்று நாடறிந்த பெண்மணிகள் இவர்கள். நான்கு கிலோ எடையுள்ள துப்பாக்கி அத்தகைய இளம்பெண்களுக்கு எளிய சுமையன்று. இங்கும் மரமே பேசுகிறது. லீ-என்ஃபீல்டின் பின்கட்டை ஒரே அளவில் செய்யப்பட்டதன்று. நெடியவர்க்கு நீண்டது, நடுத்தரத்தார்க்கு இயல்பானது, குள்ளமானவர்க்குக் குறுகியது, அதனினும் குறுகியது என அரை அங்குல வேறுபாட்டில் நான்கு அளவுகள் இருந்தன. ஆளின் கைநீளம் பார்த்துக் கட்டையை மாற்றுவது அப்படையின் முறை. ஆனால் பறிமுதலான துப்பாக்கி, முன்னே ஏந்தியவனின் அளவில்தான் வரும். சராசரி ஆடவனுக்கு அளவெடுத்த கட்டையில் ஒரு சிறுமி கன்னத்தை வைத்துக் குறிபார்க்கும்போது கழுத்து எவ்வளவு நீள வேண்டும் என்பதை, ஒருமுறை அதனைத் தூக்கிப் பார்த்தவரே அறிவர்.

1944இல் அப்படை பர்மாவுக்குச் சென்றது; 1945இல் திரும்பியது. போர் முடிவில் ஆயுதங்கள் ஆங்கிலேயரிடம் சென்றன. கைகள் மட்டும் தோட்டத்திற்குத் திரும்பிச் சீவுளியைப் பிடித்தன.

அடுத்த மூன்றாண்டில் மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1948 சூன் திங்களில் தொடங்கி 1960 வரை நீடித்த அக்காலத்தில், தோட்டங்களைக் காவல் காத்த சிறப்புக் காவலர்களின் கைகளில் மீண்டும் லீ-என்ஃபீல்டுகள் தோன்றின. காட்டுப் போருக்கென 1944இல் குறுக்கி அமைக்கப்பட்ட ஐந்தாம் எண் துப்பாக்கியும் அப்போது பரவலாக வழங்கியது. முன்கட்டையைப் பாதியாக வெட்டி எடையை மூன்றேகால் கிலோ அளவுக்குக் குறைத்த வடிவம் அது. எடை குறைந்ததால் உதை மிகுந்தது. அதைத் தாங்கப் பின்கட்டையின் முடிவில் இரப்பர் அட்டை ஒன்று பொருத்தப்பட்டது. அத்துப்பாக்கி உருவான 1944இல் மலாயாவின் இரப்பர் சப்பானியர் வசம் இருந்தது. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இரப்பரில் பெரும்பகுதி இலங்கையிலிருந்து வந்தது. அங்கும் பால் வடித்த கைகளுள் தமிழ்க் கைகள் ஏராளம்.

அவசரகால விதிகளின்படி உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதற்குத் தண்டனை மரணம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர் அவர். இந்தியத் தலைமை அமைச்சர் நேருவின் அரசு விடுத்த வேண்டுகோளும் பயனற்றுப் போயிற்று. ஆறு ஆண்டுகளுக்கு முன் தோளில் ஏந்துவது பெருமையாகப் போற்றப்பட்ட பொருள், இடுப்பில் இருந்தால் உயிரைக் கேட்கும் பொருளாகியிருந்தது. நாடு விடுதலை பெற்ற பின்னரும் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் கடுமையைத் தளர்த்தவில்லை. துப்பாக்கியை வைத்திருத்தற்கும், செப்பனிடுதற்கும், விற்பதற்கும் உரிமம் வேண்டும். போலித் துப்பாக்கியும் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பாது. ஆகவே சிம்பாங் அம்பாட்டின் ஒரு வீட்டு முற்றத்தில் எவரும் துப்பாக்கிக் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கும் காட்சியைக் காண்பதற்கில்லை. நாட்டின் அமைதியை எண்ணுவோர் இதற்காக வருந்தப் போவதில்லை.

வெளிநாடுகளின் நிலை வேறு. ஏறத்தாழ ஒரு கோடியே எழுபது இலட்சம் லீ-என்ஃபீல்டுகள் உலகில் செய்யப்பட்டன என்பர். போர் முடிந்தபின் அவை எஞ்சிய சரக்காக மலிவு விலைக்கு விற்கப்பட்டன. 1950களில் அமெரிக்காவில் சில டாலர்களுக்கு ஒரு துப்பாக்கி கிடைத்தது. வாங்கியவர்கள் வேட்டைக்கு ஏற்றவாறு முன்கட்டையை அறுத்தெறிந்தனர். பின்கட்டையை உப்புத்தாளால் வெளுக்கத் தேய்த்து, கண்ணாடிபோல் மின்னும் மெருகைப் பூசினர். 1968ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விறக்குமதிக்கு அணை போட்டது. அதற்குள் எத்தனையோ கட்டைகளின் வடிவும் வடுவும் மறைந்துவிட்டன. பிற்காலத்தார் அதே துப்பாக்கிகளுக்குப் பழைய கட்டைகளைத் தேடி அலைந்து, கொடுத்த விலையைவிடப் பன்மடங்கு செலவழித்தது வேறு கதை.

இங்கேதான் தொடக்கநிலையில் உள்ளவர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழகத்துக் கோயில்களில் திருப்பணி என்னும் பெயரால் மணலை விசையோடு பீய்ச்சித் தூண்களைத் தூய்மை செய்தபோது, எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கல்வெட்டெழுத்துகளும் மழுங்கின. கட்டையை உப்புத்தாளால் தேய்ப்பதும் அத்தகைய திருப்பணியே. பின்கட்டையில் பொறித்த ஆய்வு முத்திரைகள், அளவைக் காட்டும் எழுத்து, படையின் அடையாளம் தாங்கிய சிறு பித்தளை வட்டு, எவனோ ஒரு வீரன் பேனாக்கத்தியால் கீறிய பெயரெழுத்து ஆகிய யாவும் மரத்தின் மேற்பரப்பில்தான் உள்ளன. மேலும், உலோகத்தைச் சந்திக்கும் இடங்களில் மரம் உலோகத்தைவிட மயிரிழை உயர்ந்து நிற்குமாறு செதுக்கப்பட்டிருக்கும். தேய்ப்பவரின் கை ஒருமுறை அவ்விடத்தில் ஓடினால் மரம் தாழ்ந்துவிடும். தாழ்ந்த மரத்தை உயர்த்த எந்தத் தச்சராலும் ஆகாது.

உரிமம் பெற்ற நாடுகளில் முறையறிந்தோர் கையாளும் வழி இது. முதலில் துப்பாக்கியில் குண்டு இல்லை என்பதை ஒன்றுக்கு இரண்டுமுறை உறுதி செய்வர். பிறகு கழற்றுதல். லீ-என்ஃபீல்டில் பின்கட்டையை இறுக்கிப் பிடிப்பது அதன் உள்ளே ஓடும் நீண்ட திருகாணி. அதன் சதுர நுனி, முன்கட்டையின் பின்முனையிலுள்ள தகட்டில் பொருந்தி நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் அத்திருகாணியைத் திருகினால், சதுர நுனி சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். நூறாண்டு நின்ற கட்டைகள் பல, புதுப்பிக்க வந்தவரின் முதல் பத்து நிமிடத்தில் பிளந்தது இவ்வாறுதான். முன்கட்டை முதலில், பின்கட்டை பின்னர் என்னும் வரிசையை மாற்றலாகாது.

அடுத்து அழுக்கு நீக்கம். டர்பன்டைன் நனைத்த துணியால் மெல்லத் துடைத்தால் பல்லாண்டுப் பிசுக்குக் கரைந்து வரும். கழுத்துப் பகுதியில் இயந்திர எண்ணெய் ஊறி மரம் கறுத்திருக்கும். அவ்வெண்ணெய் காயாதது, நாளடைவில் மரத்தை நெகிழச் செய்வது. சுண்ணாம்புக்கல் பொடியை டர்பன்டைனில் குழைத்து அவ்விடத்தில் அப்பி வெயிலில் வைத்தால், பொடி எண்ணெயை உறிஞ்சிப் பழுப்பேறும். தட்டிவிட்டு மீண்டும் அப்பவேண்டும். பொறுமையற்றவர்கள் காஸ்டிக் சோடாவை நாடுவர். அது அழுக்கோடு மரத்தின் உயிரையும் கொண்டுபோகும்.

பள்ளங்களுக்கு ஓர் இனிய மருத்துவம் உண்டு. அடிபட்டு அமுங்கிய மரநார் இறந்துவிடவில்லை, நசுங்கிக் கிடக்கிறது. ஈரத்துணியை நான்காக மடித்துப் பள்ளத்தின்மேல் இட்டு, சூடேறிய இஸ்திரிப் பெட்டியின் முனையால் சற்றே அழுத்தினால், நீராவி நாருக்குள் புகுந்து அதனைப் பருக்கச் செய்யும். மூன்று நான்கு முறை செய்தபின் பள்ளம் தானே மேலெழும். அறுபட்ட நார்க்கு இம்மருத்துவம் பலிக்காது. ஆகவே கத்தியால் கீறிய பெயர் நீராவியில் அழியாது. அடிபட்ட வடுவை நீக்கி எழுதிய வடுவை விட்டுவைக்கும் இம்முறை, வரலாற்று நோக்கிலும் நேர்மையானது.

நீராவி பட்ட மரத்தில் நுண்ணிய மயிர்போல் நார் சிலிர்க்கும். காய்ந்தபின் மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் ஒருமுறை தடவினால் போதும். அதற்கு மேல் தேய்ப்பதற்கு வேலை இல்லை.

பின்பு எண்ணெய். முதற்பூச்சுக்கு ஆளி எண்ணெயோடு சரிபாதி டர்பன்டைன் கலந்தால் மரத்தினுள் ஆழமாக இறங்கும். அடுத்தடுத்த பூச்சுகளுக்குச் சில துளிகளே போதும். துணியைவிட உள்ளங்கை சிறந்தது. தேய்க்கும் சூட்டில் எண்ணெய் இளகி உட்புகும். அரைமணி நேரம் கழித்து மேலே நிற்பதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்ட எண்ணெய் பாகாகிப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். புதியவர் செய்யும் பிழைகளில் இதுவே பொதுவானது. பச்சை எண்ணெய் காயப் பல நாளாகும். உலர்த்தும் உலோக உப்புகள் சேர்த்த, கடைகளில் காய்ச்சிய எண்ணெய் எனப்படுவது, ஓரிரு நாளில் காயும். ஈரக்காற்று வீசும் நாடுகளில் இரண்டுக்குமே கூடுதல் நாள் வேண்டும். முதல் வாரம் நாள்தோறும், பிறகு வாரந்தோறும், அதன்பின் திங்கள்தோறும், கடைசியில் ஆண்டுக்கொருமுறை என்று கைத்தொழிலாளர் ஒரு கணக்குச் சொல்வர். ஈஷாப்பூரிலும் லித்கோவிலும் ஊறிய பழைய எண்ணெய், இப்புதிய எண்ணெயோடு கலந்து கருஞ்சிவப்பாக ஒளிவிடும் நிறத்தை, கடையில் விற்கும் எந்தச் சாயத்தாலும் ஒரே நாளில் கொண்டுவர இயலாது.

துப்பாக்கி இல்லாத நாட்டில் இக்கலை பயனற்றது எனக் கருத வேண்டியதில்லை. அருங்காட்சியகத்தில் உள்ள பழங்கட்டையைப் பேணுவோர்க்கு இதே நெறிதான். ஊஞ்சற்பலகைக்கும், பாட்டனார் விட்டுச்சென்ற அலமாரிக்கும், மண்வெட்டிப் பிடிக்கும் இதே எண்ணெய்தான். சிம்பாங் அம்பாட்டைச் சுற்றியிருந்த தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன; பத்து காவான் பக்கம் தொழிற்பேட்டை எழுந்துள்ளது; 2014இல் திறக்கப்பட்ட இரண்டாம் பாலம் அங்கேதான் கரையேறுகிறது. பால் வற்றியபின் ஒரு காலத்தில் அடுப்புக்குப் போன இரப்பர் மரம், இந்நாட்டின் மேசை நாற்காலித் தொழிலுக்கு மூலப்பொருளாக உயர்ந்திருக்கிறது. வெட்டியவுடன் மருந்தூட்டாவிட்டால் நீலம் பாய்ந்து புழு அரிக்கும் மரம் அது. மருந்தூட்டி உலர்த்தினாலோ எண்ணெயை நன்றாக ஏற்கும். கைபழக விரும்பும் மாணவர்க்கு அதனினும் மலிவான, நெருக்கமான மரம் வேறில்லை.

வேலை முடிந்ததும் கவனிக்க வேண்டியது எண்ணெய் துடைத்த துணி. ஆளி எண்ணெய் காய்வது வேதியியல் மாற்றம் என்று மேலே கூறப்பட்டது. அம்மாற்றத்தில் வெப்பம் பிறக்கும். துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் வெப்பம் வெளியேற வழியின்றிச் சேர்ந்து, தீக்குச்சி இன்றியே நெருப்புப் பற்றும். தச்சுப்பட்டறைகள் எரிந்துபோனதற்கு இது ஒரு காரணமாக இருந்திருக்கிறது. துணியை விரித்துத் திறந்த வெளியில், ஒன்றன்மேல் ஒன்று படாதவாறு கொடியில் தொங்கவிட்டு, அது விறைத்துக் காய்ந்தபின் அகற்றுவர். அல்லது நீர் நிறைந்த தகர வாளியில் அமிழ்த்தி மூடிவைப்பர்.